குளவிக் குலம்

அகத்தியமலைச் சாரலில் பிறந்து 68 கிலோமீட்டர் ஓடித் திருவல்லத்துக்கு அப்பால் கடலோடு கலக்கும் கரமனையாற்றின் கரையில், திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் பெருவழி ஆற்றைக் கடக்கும் இடத்தை அடுத்து, தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் வாழ்ந்துவரும் கரமனை அக்கிரகாரத் தெருக்கள் இருக்கின்றன. சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் அவ்வீடுகளில், ஓட்டுக்கூரையும் மர உத்தரமும் இன்னும் மாறாதவற்றுள் எதில் நுழைந்தாலும், மனிதரோடுகூடக் குடியிருக்கும் மூன்று வகைப் பிராணிகளைக் காணலாம். உத்தரத்தின் மூலையில் மண்ணைக் குழைத்துக் கூடு கட்டும் குளவி ஒன்று. சுவரின் விரிசலுக்குள் புகுந்து, வாயிலில் பிசின் குழல் ஒன்றை நீட்டிவைத்து வாழும் கொசுத்தேனீ மற்றொன்று. கொல்லைப்புறத்து மாமரத்தில் பச்சை இலைகளைச் சேர்த்து ஒட்டிக் கூடு அமைக்கும் முசுறு எறும்பு மூன்றாவது. வீட்டார் இம்மூன்றையும் மூன்று விதமாகவே மதிக்கிறார்கள். குளவி கூடு கட்டினால் அவ்வீட்டில் குழந்தை பிறக்கப் போகிறதென்பது பாட்டிமாரின் நம்பிக்கையாதலால் அதைக் கலைப்பதில்லை. கொசுத்தேன் மருந்துக்கு உதவுவதென்று சுவரை இடிக்கும்போதுகூட அக்கூட்டைப் பத்திரமாக ஒரு மண்குடத்துக்கு மாற்றுகிறார்கள். முசுறோ, மாங்காய் பறிக்க ஏறுபவனைக் கடித்து இறக்கிவிடும் உபத்திரவம் என்பதற்குமேல் பெயரெடுத்ததில்லை. ஆனால் ஜீவராசிகளின் வம்சாவளியை ஆராய்ந்தவர்கள் இம்மூன்றும் ஒரே குலம் என்கிறார்கள். அதிலும் தேனீயும் எறும்பும் பண்டைக் குளவிக் கூட்டத்தினின்று கிளைத்த இரு சந்ததிகளேயாதலால், குளவியின் சரித்திரத்தை அறியாதவன் தேன்கூட்டையும் எறும்புப் புற்றையும் சரிவர அறிந்தவனாகான்.

இக்குலத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் ஹைமனாப்டெரா. ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ், 1758-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ‘சிஸ்டமா நேச்சுரே’ என்னும் நூலின் பத்தாம் பதிப்பில், பூச்சிகளையெல்லாம் பெரும்பாலும் இறகின் அமைப்பைக்கொண்டு ஏழு வரிசைகளாக வகுத்தபோது, மெல்லிய சவ்வினாலான நான்கு இறகுகளை உடையவற்றுக்கு, சவ்விறகு எனப் பொருள்படும் அக்கிரேக்கத் தொடரைச் சூட்டினார். ஜன்னலோரம் செத்துக் கிடக்கும் குளவியொன்றை எடுத்து ஒரு பூதக்கண்ணாடியின்கீழ் வைத்து, அதன் பின்னிறகின் முன்விளிம்பை உற்றுப் பார்த்தால், அங்கே ஒரே வரிசையாக நுண்ணிய கொக்கிகள் வளைந்து நிற்பதும், முன்னிறகின் பின்விளிம்பு அக்கொக்கிகளுக்கு ஏற்றவாறு மடிந்திருப்பதும் தெரியும். பறக்கத் தொடங்கும்போது கொக்கிகள் மடிப்பில் மாட்டிக்கொள்ள, நான்கு இறகுகளும் இரண்டேபோல ஒருங்கு அசைகின்றன. பறத்தல் முடிந்ததும் கழன்று விடுகின்றன. தேனீயிலும் கடந்தையிலும், கலியாணக் காலத்தில் மட்டும் இறகு பெறும் எறும்பிலும் இவ்வமைப்பு மாறாதிருப்பது ஒன்றே இவற்றின் உறவைக் காட்டப் போதுமானது. மழை விட்ட மாலையில் விளக்கைச் சுற்றி விழும் ஈசலுக்கு இக்கொக்கிகள் இல்லை; ஈசலாக இறகு பெறும் கறையான், வெள்ளெறும்பு என்று அழைக்கப்பட்டாலும் இக்குலத்தைச் சேர்ந்ததன்று, கரப்பான்பூச்சியின் நெருங்கிய பந்து அது.

இந்தச் சாஸ்திரத்தின் தொடக்க காலத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டென்பதைப் பலர் அறியார். லின்னேயஸின் மாணாக்கராகிய கோனிக் என்பவர் 1768-இல் டேனிஷ்காரரின் துறைமுகமாயிருந்த தரங்கம்பாடிக்கு வைத்தியராக வந்து, 1785-இல் இறக்கும்வரையில் இந்நாட்டுச் செடிகொடிகளையும் பூச்சிகளையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டேயிருந்தார்; தஞ்சைப் பகுதியின் கறையானைப் பற்றி 1779-இல் ஒரு கட்டுரையும் எழுதினார். லின்னேயஸின் மற்றொரு மாணாக்கரான ஃபேப்ரிசியஸ், நம் நாட்டிலிருந்து இவ்வாறு வந்து சேர்ந்த பூச்சிகள் பலவற்றை விவரித்துப் பெயரிட்டார். ஆகையினால்தான் கரமனை வீட்டு உத்தரத்தில் மண்கூடு கட்டும் குளவி சாஸ்திரத்தில் ‘ஸ்கெலிஃப்ரான் மதராஸ்பட்டானம்’ என்று சென்னப்பட்டினத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்பெயர் 1781-இல் இடப்பட்டது. முசுறு 1775-லும், பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீ 1793-லும் அவராலேயே பெயர் பெற்றன. தரங்கம்பாடியின் பெயரைச் சுமக்கும் ஒரு தேனீயும் உண்டு. அதன் அதிசயத்தைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

இக்குலத்தின் ஆதி வடிவங்கள் 20 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. அவற்றின் நேர்வாரிசுகளாக இன்றும் இருக்கும் ரம்பக் குளவிகளுக்கு ஒடுங்கிய இடை கிடையாது, கொடுக்கும் கிடையாது. பெண்பூச்சி தன் வாற்புறத்திலுள்ள ரம்பம் போன்ற உறுப்பினால் இலையைக் கீறி அதனுள் முட்டையிடும். பிறக்கும் புழு இலையைத் தின்னும். கடுகையும் முள்ளங்கியையும் பயிரிடுவோர் இவ்வகைப் புழுவை நன்கறிவர். முட்டையை வைப்பதற்காக அமைந்த அந்த உறுப்பே குலத்தின் பிற்காலச் சரித்திரம் முழுவதற்கும் மூலகாரணம் ஆயிற்று. ஏதோ ஒரு தாய்வழியில் அது மரத்தைத் துளைக்கும் ஊசியாக நீண்டது. பின்னர் மரத்துக்குள்ளிருந்த வேறொரு பூச்சியின் புழுவைத் துளைத்து அதன்மேல் முட்டையிடுவதாக மாறியது. அதன்பின் அவ்வூசியின் வழியே விஷம் பாய்ந்து இரையை அசைவறச் செய்வதும், காலக்கிரமத்தில் முட்டை வேறு வழியாக வெளிப்பட ஊசி விஷத்துக்கு மட்டுமே உரியதாவதும் நிகழ்ந்தன. நம்மைக் கொட்டுகிற கொடுக்கு என்பது இதுதான். ஆண் தேனீயும் ஆண் குளவியும் யாரையும் கொட்ட மாட்டா. முட்டையிடும் உறுப்பு ஆணுக்கு ஏது?

இடை ஒடுங்கியதும் அக்காரணத்தாலேயே. வயிற்றின் முதற்கண்டம் மார்போடு ஒன்றிப்போக, அதற்கும் இரண்டாம் கண்டத்துக்கும் நடுவே ஒரு கணு ஏற்பட்டபடியால், குளவி தன் வாற்புறத்தை எந்தத் திக்கிலும் வளைத்து, ஊசியை வேண்டிய இடத்தில் குறி தவறாது செலுத்த வல்லதாயிற்று. இவ்வசதிக்கு அது கொடுத்த விலையும் பெரிது. அத்துணைச் சன்னமான இடையின் வழியே கட்டியான ஆகாரம் இறங்காதாகையால், வளர்ந்த குளவி பூந்தேனையும் ரசத்தையும் உறிஞ்சியே ஜீவிக்க வேண்டும். அது வேட்டையாடிக் கொண்டுவரும் மாம்சமெல்லாம் குழந்தைக்கே உரியது. குழந்தையின் சரீரத்திலும் ஒரு விசேஷம் இருக்கிறது: மூடிய அறைக்குள் தன் ஆகாரத்தின் மேலேயே படுத்து வளர வேண்டியிருப்பதால், அதன் இரைப்பை வளர்ச்சி முடியும்வரை மலவாயோடு சேராமல் அடைபட்டிருந்து, கழிவெல்லாம் கடைசியில் ஒரே தடவையாக வெளியேறுகிறது. இதைக்காட்டிலும் நேர்த்தியான ஏற்பாட்டை நான் அறியேன்.

மதராஸ்பட்டானக் குளவி வேலை செய்வதைப் பொறுமையோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆற்றங்கரையிலோ கிணற்றடியிலோ ஈரமண்ணில் இறங்கி, இறகை மேலே தூக்கிக்கொண்டு, தாடைகளால் மண்ணைச் சுரண்டி உருட்டி ஓர் உருண்டையாக்கி எடுத்து வருகிறது. உத்தரத்தில் வந்து அமர்ந்ததும் அவ்வுருண்டையை விளிம்பில் வைத்து அழுத்திப் பரப்பும். அப்போது அதன் உடல் முழுவதும் அதிர்ந்து ஒரு ரீங்காரம் எழும். அந்த அதிர்ச்சியில் மண் இளகி, முன்பு இட்ட பட்டையோடு இணைந்து விடுகிறது. உருண்டை மேல் உருண்டையாக நீள்குழல் ஒன்று உருவானபின், செடிகளுக்கிடையே சென்று சிலந்திகளைத் தேடிப் பிடிக்கிறது. சிலந்தியின் அடிப்புறத்தில், கால்களை இயக்கும் நரம்பு முடிச்சு இருக்கும் இடத்தில் கொடுக்கு இறங்குகிறது. சிலந்தி உயிரோடிருக்கும், ஆனால் அசையாது. கொன்றால் இவ்வெப்பநாட்டில் மறுநாளே அழுகும். கொல்லாது விட்டால் முட்டையை நசுக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது அந்த விஷத்தின் அளவு. இப்படிப் பிடித்த சிலந்திகளால் அறையை நிரப்பி, அவற்றுள் ஒன்றின்மேல் ஒரே ஒரு முட்டையை இட்டு, வாயை மண்ணால் அடைத்துவிட்டு அடுத்த அறையைத் தொடங்குகிறது. அறைகள் எல்லாம் முடிந்தபின் மொத்தத்தின்மேலும் ஒரு பூச்சுப் பூசிவிட்டுப் பறந்துபோகும் தாய், தன் குழந்தைகளில் ஒன்றையேனும் காண்பதில்லை.

நம் முன்னோர் இதைப் பார்க்காமலில்லை. வேதாந்திகள் எடுத்தாளும் பிரமரகீட நியாயம் என்பது, குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து கூட்டில் அடைத்துக் கொட்டிக்கொட்டி ரீங்காரம் செய்ய, அப்புழு இடைவிடாது குளவியையே நினைத்துக் குளவியாகவே மாறிவிடுகிறதென்பது. பச்சைப்புழுக்களை அடைத்து மண் கலயம் வனையும் குளவிகள் வேறு சில நம் வீடுகளிலுண்டு. இந்நியாயம் அவற்றைப் பார்த்து எழுந்ததாகவே இருக்க வேண்டும். அதில் சொல்லப்பட்ட ஒவ்வொரு காட்சியும் பிரத்யட்சம்: குளவி புழுவைக் கொட்டியது மெய், அடைத்தது மெய், ரீங்கரித்தது மெய், சின்னாட்களுக்குப்பின் அக்கூட்டிலிருந்து குளவி வெளிவந்ததும் மெய். கண்ணுக்கு எளிதில் அகப்படாத முட்டை ஒன்றே விடுபட்டுப்போயிற்று. முட்டைக்கோசுப் புழுவின் உடலைத் துளைத்துக்கொண்டு சிறு குளவிப் புழுக்கள் வெளிவருவதை ஐரோப்பிய அறிஞர்களும் பதினேழாம் நூற்றாண்டின் இறுதிவரையில் விளங்காது பார்த்தே நின்றார்கள். உவமானமாக அந்நியாயத்துக்கு உள்ள மகிமை இதனால் குறைவதாக நான் கருதவில்லை. கூர்ந்து நோக்கியவரின் கண்ணே அதில் எனக்குப் புலப்படுகிறது.

கொடுக்கின் சூக்ஷ்மம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்குப் பழைய வீட்டுச் சமையலறையிலேயே உதாரணம் உண்டு. மயில்நீலமும் பச்சையுமாக மின்னும் உடலும் செந்நிறத் தொடைகளும் கொண்ட ‘ஆம்புலெக்ஸ் கம்ப்ரெஸ்ஸா’ என்னும் குளவி, கரப்பான்பூச்சியை மட்டுமே வேட்டையாடுவது. முதலில் மார்பில் ஒரு கொட்டு. முன்கால்கள் சில நிமிஷம் செயலிழக்கின்றன. அந்த அவகாசத்தில் கழுத்தின் வழியே கொடுக்கைச் செலுத்தி, மூளையில் குறிப்பிட்ட ஓர் இடத்தைத் தேடிக் கண்டு, அங்கே இரண்டாம் முறை கொட்டுகிறது. அதன்பின் கரப்பானுக்கு நடக்கும் சக்தி இருக்கிறது, நடக்கும் எண்ணம் மட்டும் எழுவதில்லை. குளவி அதன் உணர்கொம்புகளைப் பாதியாகக் கடித்து நறுக்கி, மீந்த அடிக்கொம்பைப் பற்றி இழுக்க, தன்னைவிடப் பெரியதான அப்பூச்சி தன் காலாலேயே நடந்து குழிக்குள் புகுகிறது. காலில் ஒரு முட்டையை ஒட்டி வைத்து வாயிலை அடைத்துவிட்டுக் குளவி செல்கிறது. இஸ்ரேல் தேசத்து பென்-கூரியன் பல்கலைக்கழகத்தில் லிபர்சாட் என்பவரும் அவருடைய சகாக்களும் இவ்விஷத்தின் செயலைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, அது மூளைக்குள்ளேயே பாய்கிறதென்பதை ஐயமற நிறுவினார்கள்.

இனித் தேனீ. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன், பூக்கும் தாவரங்கள் பூமியெங்கும் பரவத் தொடங்கிய காலத்தில், வேட்டைக் குளவிகளில் ஒரு கிளை தன் குழந்தையின் அறையில் இரைக்குப் பதிலாக மகரந்தத்தை வைக்கத் தலைப்பட்டது. சரீரத்துக்கு வேண்டிய புரதம் மாம்சத்தில் இருப்பதுபோல் மகரந்தத்திலும் இருப்பதால் அது சாத்தியமாயிற்று. மகரந்தம் ஒட்டிக்கொள்ளும்படி உடல்மயிர் கிளைகிளையாகப் பிரிந்தது. மற்றபடி அறை கட்டுதல், ஆகாரம் நிரப்புதல், முட்டையிடுதல், மூடுதல் ஆகிய கிரமம் மாறவில்லை. உலகில் இன்று அறியப்பட்ட ஏறத்தாழ 20,000 தேனீ இனங்களுள் பெரும்பாலானவை தனித்தே வாழ்ந்து அந்தக் கிரமத்தையே அனுசரிக்கின்றன. கூட்டமாக வாழும் கொசுத்தேனீகூட அதை விடவில்லை என்பது என்னை மிகவும் வியக்கவைக்கும் செய்தி. கூட்டைத் திறந்து பார்த்தால், ஒரு பக்கம் கருநிறத் தேன்கலயங்களும் மகரந்தக் கலயங்களும், இன்னொரு பக்கம் வெளிர்நிறச் சிற்றறைகளின் கொத்தும் தென்படும். சிற்றறை ஒவ்வொன்றையும் வேலைக்காரத் தேனீக்கள் திரவ ஆகாரத்தால் நிரப்ப, ராணி அதன்மேல் முட்டையிட்ட மாத்திரத்தில் வாயை அடைத்துவிடுகின்றன; மதராஸ்பட்டானக் குளவியைப் போலவே. பெட்டித் தேனீயோ அறையைத் திறந்தே வைத்துப் புழுவுக்கு வேளைதோறும் ஊட்டுகிறது.

மலையாளத்தார் செறுதேன் என்று போற்றும் கொசுத்தேன் ஆண்டுக்கு ஒரு கூட்டில் சில நூறு கிராமே கிடைக்கும். ஆயுர்வேதத்தில் அதற்குள்ள மதிப்பினால் விலையும் அதிகம். கரமனையிலிருந்து நாலைந்து மைல் தெற்கே, 1955-இல் தோன்றிய வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரியில், இத்தேனீயை மூங்கிற் குழாயிலும் மண்சட்டியிலும் மரப்பெட்டியிலும் வளர்ப்பதற்கும், கூட்டைச் சேதப்படுத்தாமல் தேன் எடுப்பதற்கும், ஒரு கூட்டை இரண்டாகப் பிரிப்பதற்கும் உரிய முறைகளை ஆராய்ந்து கற்பித்து வருகிறார்கள். கொடுக்கு குறுகிப்போன கொசுத்தேனீ, எதிரியின் மயிருக்குள் புகுந்து கடித்தும் பிசினை அப்பியும் தன் வாயிலைக் காக்கிறது.

பெட்டித் தேனீ வளர்ப்பின் பெருமை இதே பெருவழியில் மேலும் தெற்கே, முன்பு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்துக்கு உரியது. அங்கே 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய கிராம முன்னேற்ற நிலையம் ஏழை விவசாயிகளுக்குத் தேனீப் பெட்டியை அறிமுகப்படுத்தியது. மார்த்தாண்டம் தேன் 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது. அத்தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதன்று. ரப்பர் மரம் பழைய இலையை உதிர்த்துத் துளிர்விடும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலத்தில், மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்திலுள்ள சுரப்பிகளில் கசியும் இனிப்பு நீரே அது. 1991, 1992 ஆகிய ஆண்டுகளில் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் பரவி, புழுக்கள் நீர்ப்பை போலாகிச் செத்ததில், பெட்டிகள் ஆயிரக்கணக்கில் காலியாயின. நோயைத் தாங்கி மிஞ்சிய கூடுகளிலிருந்து மறுபடி பெருக்கியே இத்தொழிலை மீட்டார்கள். வேளைதோறும் ஊட்டும் வழக்கமே புழுவுக்குப் புழு நோயை எடுத்துச் சென்றது என்பது இதில் கவனிக்கத்தக்கது.

தரங்கம்பாடியின் பெயர் கொண்ட தேனீ ‘சைலோகோப்பா ட்ராங்குபாரிகா’. பட்டமரத்தைக் குடைந்து வாழ்வதும், ஊரார் கருவண்டு என்பதுமான வகையைச் சேர்ந்தது. மற்றத் தேனீக்கள் அந்திக்குள் கூடு திரும்ப, இது நிலவில்லாத இரவிலும் பறக்கிறது. இன்று திருவனந்தபுரத்து இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் பணிபுரியும் ஹேமா சோமநாதன், ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகளோடு சேர்ந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் நடத்தி 2008-இல் வெளியிட்ட பரிசோதனையில், கூட்டின் வாயிலில் வைத்த வண்ண அடையாளங்களை இத்தேனீ நட்சத்திர ஒளியிலேயே பிரித்தறிகிறது என்று காட்டினார். மனிதக் கண்ணுக்கு எல்லாம் சாம்பல் நிறமாகத் தோன்றும் அவ்விருளில், பகலுக்கென அமைந்த கூட்டுக்கண்ணைக் கொண்டே ஒரு பூச்சி நிறம் காண்கிறதென்பது அதுவரை எவரும் எதிர்பாராத செய்தி.

எறும்பு, தரையில் இறங்கிவிட்ட குளவி. அதன் ராணியும் ஆணும் கலியாணத்துக்காக ஒருமுறை பறக்கின்றன. பிறகு ராணி தன் இறகுகளைத் தானே உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் புகுகிறது. வேலைக்காரிகளுக்கு இறகு முளைப்பதே இல்லை. சங்க நூல்களில் முயிறு என்றும், மலையாளத்தில் நீறு, புளியுறும்பு என்றும் வழங்கும் முசுறு, பூர்விகக் கொடுக்கையும் விட்டுவிட்டது. கடித்த காயத்தில் பார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுகிறது. கரமனை மாமரத்தில் அது கூடு கட்டும்போது, பல எறும்புகள் ஒன்றன் இடையை மற்றொன்று பற்றிச் சங்கிலியாகி இரண்டு இலைகளை இழுத்துச் சேர்க்க, வேறு சில உள்ளிருந்து புழுக்களை வாயில் தூக்கி வந்து, விளிம்புக்கு விளிம்பு தொட்டுத் தொட்டு நகர்த்துகின்றன. புழு சுரக்கும் பட்டு இலைகளை இணைக்கிறது. தன் கூட்டுறைக்கு வேண்டிய பட்டையெல்லாம் அப்புழு இவ்வாறு ஊருக்கே ஈந்துவிடுகிறது. ஆரஞ்சுத் தோட்டங்களைப் பூச்சியிலிருந்து காக்க இவ்வெறும்பின் கூடுகள் பைகளில் வைத்து விற்கப்பட்டதாக, கி.பி. 304-ஐச் சேர்ந்ததெனக் கருதப்படும் சீன நூலொன்று கூறுகிறது. மாமரத்துக்கு முசுறு செய்யும் காவலை உணராமல், மரத்தடியில் நெருப்பு மூட்டி அதை விரட்டுவது அநியாயம் என்பது என் அபிப்பிராயம்.

தனித்து வாழ்ந்த தாய் எப்படிச் சமூகமாயினாள் என்பது இக்குலத்தின் தலையாய பிரச்சினை. 1845-இல் சைலீசியா நாட்டுப் பாதிரியார் ஜீர்சான், கருவுறாத முட்டையிலிருந்து ஆண் தேனீ பிறக்கிறதென்று அறிவித்தார். ஆணுக்குத் தந்தை இல்லை, தாத்தா உண்டு. இவ்விதி ஹைமனாப்டெரா முழுவதற்கும் பொது. தந்தையின் மரபணுக்கள் யாவும் மகள்களுக்கு ஒன்றேயாதலால், ஒரே தந்தைக்குப் பிறந்த சகோதரிகள் முக்கால் பங்கு ஒத்திருப்பர் என்றும், தன் மகளைக்காட்டிலும் தங்கையே நெருங்கிய உறவாவதால் வேலைக்காரி தாய்க்கு ஊழியம் செய்கிறாள் என்றும் 1964-இல் ஹாமில்டன் வாதித்தார். அழகான கணக்குதான். ஆனால் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ராகவேந்திர கடக்கர், தென்னாட்டு வீடுகளின் இறவாணத்திலும் ஜன்னலிலும் காகிதக் கூடு கட்டும் ‘ரோபாலிடியா மார்ஜினேட்டா’ என்னும் குளவியைப் பல்லாண்டுகள் கண்காணித்தபோது, ராணி பல ஆண்களோடு சேர்வதால் அக்கூட்டில் சகோதரிகளின் உறவு ஏறத்தாழப் பாதிக்கு இறங்கிவிடுவதைக் கண்டார். அப்படியும் அவர்கள் பிரியாதிருப்பதற்கு அவர் 1990-இல் சொன்ன காரணங்களுள் ஒன்று, எனக்கு மற்றெதையும்விட உண்மையாகப் படுகிறது: தனித்தாய் பாதியில் இறந்தால் அவள் வளர்த்த குழந்தை முழுதும் அழியும்; கூட்டத்தில் ஒருத்தி இறந்தால் அவள் விட்ட இடத்திலிருந்து இன்னொருத்தி தொடர்வாள். அக்கூட்டில் ராணி என்பவள் சாந்தமே உருவானவள். அவள் மறைந்த நிமிஷத்தில் வேலைக்காரிகளில் ஒருத்தி உக்கிரம் கொண்டு எழுந்து, சில நாட்களில் தானே ராணியாகிவிடுகிறாள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தாவும் எறும்பிலும், 1851-இல் ஜெர்டன் விவரித்த ‘ஹார்ப்பெக்னாத்தஸ் ஸால்டேட்டர்’ அது, ராணி இறந்தால் வேலைக்காரிகள் உணர்கொம்புகளால் போரிட, வென்றவர்கள் முட்டையிடுகிறார்கள். அப்போது அவர்கள் மூளை ஏறக்குறையக் கால் பங்கு சுருங்குவதும், பழைய வேலைக்குத் திரும்ப நேர்ந்தால் அது மறுபடி வளர்வதும் 2021-இல் வெளியாயின.

தேனீ, எறும்பு, கொட்டும் குளவி ஆகிய இவற்றையெல்லாம் சேர்த்தாலும் குலத்தின் பெரும்பாகம் மிஞ்சியே நிற்கும். விவரிக்கப்பட்ட ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இனங்களில் மிகப் பல, மற்றப் பூச்சிகளின் முட்டையிலோ புழுவிலோ தம் முட்டையை வைக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள். இவற்றில் ஒருவகையின் ஆண், 1997-இல் விவரிக்கப்பட்டது, 0.139 மில்லிமீட்டர் நீளமே உடையது; இதனிலும் சிறிய பூச்சி அறியப்படவில்லை. கரமனையிலேயே நெல்வயல்களோடு கூடிய வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றிருக்கிறது. அத்தகைய வயல்களில், குருத்துப்பூச்சியின் முட்டைக்குள் முட்டையிடும் டிரைக்கோகிரம்மா என்னும் குளவியை அட்டையில் ஒட்டிக் கட்டிவிடும் வழக்கம் நெல் விவசாயிகளுக்குப் புதிதன்று. கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத்து டி.சி. நரேந்திரன், 2013-இல் காலமாகும்வரை, இச்சிறு குளவிகளில் நூற்றுக்கணக்கான புதிய இனங்களைப் பிரித்தறிந்து பெயரிட்டார். இனம் பிரித்தறிவது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு, திருவிதாங்கூரின் ஏழை ஆகாரமான மரவள்ளி என்கிற மரச்சீனியே சாட்சி.

1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கிப் பரப்பிய மரச்சீனி, ஆப்பிரிக்காவிலும் கோடிக்கணக்கானோரின் உணவு. தென்னமெரிக்காவிலிருந்து 1970-களில் தற்செயலாக அங்கே சென்ற ஒரு மாவுப்பூச்சி, செடிகளின் குருத்தைச் சுருட்டி விளைச்சலைப் பாழாக்கியது. அதன் தாயகத்தைத் தேடியவர்கள், தென்னமெரிக்காவின் வடபகுதியில் கண்ட மாவுப்பூச்சியை அதுவே என்று நம்பி, அதன் ஒட்டுண்ணிகளை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. பிறகே அது வேறு இனம் என்பது தெளிவாயிற்று. 1981-இல் பராகுவேயில் உண்மையான இனம் அகப்பட்டது. அதனோடுகூட ‘அனாகைரஸ் லோபெசி’ என்னும் குளவியும் கிடைத்தது. அக்குளவி ஆப்பிரிக்கா நெடுகப் பரவி மரச்சீனியைக் காத்தமைக்காக, அவ்வேலையை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அதே மாவுப்பூச்சி 2020-இல் திருச்சூரில் காணப்பட்டு, விரைவில் சேலம், நாமக்கல் பகுதிகளின் மரவள்ளித் தோட்டங்களுக்கும் பரவியபோது, இம்முறை ஐயம் எழவில்லை. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள மையம் பெனின் நாட்டிலிருந்து லோபெசியை வரவழைத்து, பரிசோதித்துப் பெருக்கி, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டது. இரண்டு மில்லிமீட்டரும் நிறையாத அப்பெண்குளவி மாவுப்பூச்சியைக் குத்தி உள்ளே முட்டையிட, புழு அதை உள்ளிருந்தே உண்டு முடிக்கிறது. குருத்திலையின் அடியில் உப்பி இறுகிய மாவுப்பூச்சிகளும், அவற்றின் உடலில் வட்டமான துவாரங்களும் தென்படுமாயின், அத்தோட்டத்தில் குளவி குடியேறிவிட்டதென்று கொண்டு, அங்கே பூச்சிமருந்து தெளிப்பதை நிறுத்திவிட வேண்டும். மருந்து மாவுப்பூச்சியின் மெழுகுப் பூச்சைத் தாண்டுவதற்கு முன் குளவியைக் கொன்றுவிடும்.